பாலிஷ் போடாத வாட்ச்: செகண்ட் ஹேண்ட் சந்தையில் எதற்கு விலை?

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதை ஒட்டியது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று வைணவர்கள் போற்றும் திவ்யதேசம். காஞ்சிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். கைக்கடிகாரத்தைப் பற்றி எழுத இந்த ஊரிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் அந்தச் சாலைதான். அதன் கிழக்கு முனையில் சென்னை மவுண்ட் ரோடு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கடிகாரம் விற்றுவரும் பி. ஓர் அண்ட் சன்ஸ் அங்கே இருக்கிறது. மேற்கு முனையில் பெங்களூர். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்த ஊர். நடுவில் ஓசூர்; தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டனின் ஆலை அங்கேதான். இந்திய வாட்சின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரே சாலையில் நடந்திருக்கிறது.

அதனால் இந்தச் சாலையோரத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்தால் ஒரு வாட்சாவது கிடைக்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட எச்எம்டி ஜனதா, சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த சீகோ 5, கொஞ்சம் வசதியான வீடென்றால் ஃபேவர் லூபா அல்லது ஒமேகா. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இவற்றை யாரும் சீண்டவில்லை. இன்று இவற்றுக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையின் மேல்தட்டில் ரோலக்ஸ், பட்டெக் பிலிப் போன்றவை லட்சங்களிலும் கோடிகளிலும் கை மாறுகின்றன. ஒருவர் கட்டிக் கழற்றிய பொருளுக்கு இன்னொருவர் இவ்வளவு கொடுக்கும்போது உண்மையில் எதை வாங்குகிறார் என்பதுதான் கேள்வி. இரும்பையும் கண்ணாடியையும் வாங்குவதற்கு யாரும் லட்சம் கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி டீக்கடை வரைக்கும் வந்த சமயம் ஒன்று உண்டு. 2022 டிசம்பரில், அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் வாட்ச் பேச்சுப்பொருளானது. ரஃபேல் போர் விமானத்தின் பெயரில் 500 மட்டும் செய்யப்பட்ட பதிப்பு அது. ஐந்து லட்சம் மதிப்புள்ள வாட்ச் எப்படி வந்தது, பில் எங்கே என்று அன்றைய அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார். நாலு மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 14 அன்று, அண்ணாமலை சில ஆவணங்களை வெளியிட்டார். கோவையைச் சேர்ந்த முதல் உரிமையாளரிடமிருந்து 2021 மே மாதத்தில் மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் வாட்ச் அது என்பது அவர் தந்த விளக்கம். அரசியல் சண்டையில் யார் சொன்னது சரி என்பதை வாசகர் தங்கள் கட்சிப்படி முடிவு செய்துகொள்ளட்டும். வாட்ச் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. உலகத்துக்கே 500 என்ற அபூர்வமான பதிப்புகூட செகண்ட் ஹேண்டில் பேசப்பட்ட மதிப்பைவிட வெகுவாகக் குறைந்து கை மாறியதாகச் சொல்லப்பட்டது என்பது ஒன்று. பில்லைக் காட்டு என்ற கேள்வி வந்தால் வாட்சைவிடக் காகிதமே முக்கியமாகிவிடுகிறது என்பது மற்றொன்று. பக்கத்து மாநிலத்திலும் இதே கதைதான். 2016இல் கர்நாடக முதல்வர் சித்தராமையாவின் கையிலிருந்த ஹுப்லோ வாட்ச் சர்ச்சையானபோது, அது நண்பர் கொடுத்த பரிசு என்றார். கடைசியில் அரசுச் சொத்தாக ஒப்படைத்துவிட்டார்.

விலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் மயக்கம் அதிகம். 'வாட்ச் ஒரு முதலீடு' என்று விற்பவர்கள் சொல்வது மிகச் சில மாடல்களுக்கு மட்டுமே பொருந்தும். ரோலக்ஸ் டேடோனா, பட்டெக் பிலிப் நாட்டிலஸ், ஓடேமார் பிகே ராயல் ஓக் போன்ற ஸ்டீல் வாட்சுகள் கடையில் கேட்டவுடன் கிடைப்பதில்லை. பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் வெளியே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். மற்ற பெரும்பாலான வாட்சுகள், எவ்வளவு பெரிய பெயரானாலும், கடைப்படி இறங்கியதும் மதிப்பு இறங்கிவிடும். மேலே சொன்ன சில மாடல்கள்கூட 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், அப்புறம் சரிந்தன. அந்த உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்கள் நஷ்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். இந்த இறக்கத்தால் லாபம் அடைய வேண்டியவர் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்தான். முதல் உரிமையாளரின் நஷ்டமே இவருக்குத் தள்ளுபடி. லாபத்துக்கு விற்கலாம் என்ற நினைப்போடு இந்தச் சந்தைக்குள் வராமல் இருப்பது நல்லது.

ஆனால் ஒரே மாடலில் இரண்டு வாட்சுகள் இருந்தால் ஒன்றுக்கு மற்றொன்றைவிட இரண்டு மடங்கு விலை சொல்வதும் இங்கே சகஜம். அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்தச் சந்தை பாதி புரிந்துவிடும்.

காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் பழைய பட்டுப்புடவையை விலைக்கு எடுக்க வருகிறவரைப் பலரும் பார்த்திருப்பார்கள். புடவையை விரித்தால் அவர் முந்தானையின் நிறத்தையோ கரையில் ஓடும் அன்னப்பட்சியையோ ரசிப்பதில்லை. ஒரு சரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டுவார். மேலே இருக்கும் உலோகம் உரிந்து உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரிகை. பிறகு அதில் எவ்வளவு வெள்ளி தேறும் என்று கணக்குப் போட்டு ஒரு விலை சொல்வார். நெய்தவர் யார், எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பழைய வாட்சின் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். அங்கே உலோகத்துக்கு விலை மிகக் குறைவு. ஆலையிலிருந்து வந்தபடியே, யாரும் சுரண்டாமல், தேய்க்காமல், மாற்றாமல் இருப்பதற்குத்தான் விலை. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 1.77 கோடி டாலருக்கு ஏலம் போனது. அது வெறும் ஸ்டீல் வாட்ச்தான். அவர் மனைவி அதன் பின்மூடியில் பொறித்துக் கொடுத்த வாசகமும், அது அவர் கையிலேயே கிடந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்துதான் அந்த விலையைக் கொண்டுவந்தன.

நம் ஊர்ப் பழக்கமோ இதற்கு எதிரானது. பழைய பொருளை 'புதுசு மாதிரி' ஆக்கிக் கொடுப்பதுதான் நமக்கு நல்ல வேலை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம், நகைக்குப் பாலிஷ் போடுகிறோம். அதே கையோடு வாட்சையும் கொடுத்துவிடுகிறோம். ரிப்பேர் கடைக்காரரும் நல்லெண்ணத்தோடுதான் மங்கிய டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறார், கேஸைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கிறார், முள் மாற்றுகிறார். அந்த அரை மணி நேரத்தில் வாட்சின் சந்தை மதிப்பில் பாதி போய்விடுகிறது. சேகரிப்பவர்கள் அதிகம் பயப்படுவது மறுபெயின்ட் அடித்த டயலைத்தான். அது பார்க்க அழகாகவே இருக்கும், குறையும் அதுதான்.

இந்தப் பழக்கம் தொழிலாகவே மாறியது எச்எம்டி வாட்சுகளில்தான். ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் வாட்சுகளை லட்சக்கணக்கில் செய்தது அந்த நிறுவனம். எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் (2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது), அதுவரை சும்மா கிடந்த பழைய வாட்சுகளுக்குத் திடீரென்று ஏக்கம் கலந்த மவுசு வந்தது. கூடவே ஆலை செய்யாத, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் பைலட்டுகள் இணையத்தில் குவிந்தன. உள்ளே மிஷின் பெரும்பாலும் எச்எம்டிதான். டயலும் முள்ளும் மும்பைப் பட்டறைகளில் புதிதாக அச்சடித்தவை. 'என்ஓஎஸ்', அதாவது விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக், என்று சொல்லி இவற்றை வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். கட்டிக்கொள்ள வேண்டும் என்று வாங்கினால் தப்பில்லை, ஆயிரம் இரண்டாயிரத்துக்கு ஓடுகிற வாட்ச். அசல் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். சீகோ 5இலும் இதே கதை.

இப்படிப் பல வாட்சுகளின் பாகங்களை எடுத்துக் கோத்தவற்றை வியாபாரத்தில் 'ஃபிராங்கன்' என்பார்கள். நம் ஊர்ப் பட்டறையில் மட்டும் நடக்கும் தப்பு என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் ஜெனிவாவில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக. இரண்டு வருடத்துக்குள் தெரியவந்தது, அது வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களால் ஒட்டிச் செய்தது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் பங்கு உண்டு என்று ஒமேகா சொன்னது. சொந்த வாட்சையே அதைச் செய்த கம்பெனி ஏமாந்து வாங்கியது என்றால், நாம் ஒரு வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவதை என்னவென்று சொல்வது?

போலியைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. பர்மா பஜாரில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லியே விற்பவரிடம் ஒருவிதத்தில் நேர்மை இருக்கிறது. எடை, மிஷின், பெட்டி, அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்த சீனப் போலிகள்தான் இன்றைய ஆபத்து. பின்மூடியைத் திறக்காமல் அவற்றைக் கண்டுபிடிப்பது பழகினவர்களுக்கே கஷ்டம்.

ஆகவே வாட்சைப் பார்க்கும் முறைக்கு வருவோம். நல்ல வாட்ச்காரர் வாட்சைக் கையில் வாங்கியதும் டயலைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் திருப்பி, ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளைப் பார்ப்பார். ஆலையில் வெட்டிய ஓரங்கள் கூர்மையாக இருக்கும். பாலிஷ் பட்டவை சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும். ஸ்ட்ராப் ஊசிக்கான துளை ஓரத்துக்கு நெருங்கி வந்திருக்கும். அப்புறம்தான் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு டயலுக்கு வருவார். எழுத்துகள் டயலின் மேல் மேடாக நிற்கின்றனவா, ஓரங்களில் மை கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்தது இருட்டில் ஒளிரும் பூச்சு, நாம் 'ரேடியம்' என்று சொல்வது. சுவிஸ் வாட்சுகளில் டிரிஷியம் என்ற பொருளைத் தொண்ணூறுகளின் இறுதிவரை பூசினார்கள்; அதற்கு அடையாளமாக டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும். இத்தனை வருடத்தில் டிரிஷியத்தின் ஒளி அடங்கிப் போயிருக்க வேண்டும். எழுபதுகளின் வாட்ச் என்று சொல்லி இருட்டில் பளிச்சென்று பச்சையாக எரிந்தால், யாரோ பிறகு பூசியிருக்கிறார்கள். முள்ளின் பூச்சு மஞ்சளாகவும் டயலின் பூச்சு வெள்ளையாகவும் இருந்தால் இரண்டில் ஒன்று அந்த வாட்சுக்குப் பிறந்ததல்ல.

எண்களும் பேசும். பழைய ரோலக்ஸில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் கொம்புகளுக்கு நடுவே வரிசை எண் இருக்கும். பிந்தைய வாட்சுகளில் அது கண்ணாடிக்கு உள்ளே தெரியும் வளையத்துக்கு மாறியது. ஏறத்தாழ 2010 வரை இந்த எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கலாம். பிறகு எண்கள் வரிசையில்லாமல் வருகின்றன. எண் சொல்லும் ஆண்டும், டயல் சொல்லும் ஆண்டும், பில்லில் இருக்கும் ஆண்டும் ஒத்துப்போக வேண்டும். பின்மூடியைத் திறந்து மிஷின் படத்தை அனுப்பச் சொன்னால் தயங்குகிற விற்பனையாளரோடு அதற்கு மேல் பேசுவதில் அர்த்தமில்லை. டைம்கிராஃபர் என்ற சின்னக் கருவியில் வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்றும், உள்ளே பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு வீசுகிறது என்றும் தெரியும். முழுசாகச் சாவி கொடுத்த நிலையில் வீச்சு 270 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். 200ஐத் தொட்டால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். பெரிய பிராண்டுகளில் அந்தச் செலவே ஒரு நல்ல புது வாட்சின் விலையைத் தொடும்.

கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பது இந்தத் துறையில் பழைய எச்சரிக்கை. ஜமீன்தார் கட்டியது, துபாய் ஷேக் பரிசாகக் கொடுத்தது, ராணுவ அதிகாரியின் வாட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். ஆதாரம் கேட்கத் தயங்க வேண்டாம். திருப்புட்குழியில்தான் யாதவப் பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்டார் என்றும், குருவின் விளக்கத்தையே ஏற்காமல் எதிர்க்கேள்வி கேட்டார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. குருவிடமே கேட்கலாம் என்றால் வாட்ச் விற்பவரிடம் கேட்பதற்கு என்ன கூச்சம்?

இனி சட்டம். இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு இந்த விவகாரத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். 1962ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தங்கத்தையும் வாட்சையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தி வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு யாரிடமிருந்து எடுத்தார்களோ அவருடையது. சட்டம் எழுதிய காலத்தில் கள்ளத்தோணியில் வந்த சுவிஸ் வாட்சுகள் அரசுக்குப் பெரிய தலைவலி. அந்தக் கள்ளத்தோணிக் காலம் முடிந்த பிறகும் பிரிவு அப்படியே இருக்கிறது. 'நான் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன்' என்பது பதிலாகாது. முதல் கொள்முதல் பில்லோ சுங்கம் கட்டிய ரசீதோ இருந்தால்தான் பதில். 2024 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரிடம் பட்டெக் பிலிப், பிரெகே என்று இரண்டே வாட்சுகளைப் பிடித்தார்கள், மதிப்பு 1.73 கோடி ரூபாய். அதற்கு முன்பு 2022 அக்டோபரில் டெல்லியில் துபாயிலிருந்து வந்தவரிடம் பிடிபட்ட ஒரு ஜேக்கப் அண்ட் கோ வாட்ச் மட்டுமே 27 கோடி என்று சொன்னார்கள். பிடிபட்டவை இவை. பிடிபடாமல் வந்தவை எங்கோ ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில், 'பெட்டி இல்லை, அட்டை இல்லை, வாட்ச் மட்டும்' என்ற குறிப்போடு, கொஞ்சம் விலை குறைவாக உட்கார்ந்திருக்கும். அந்த விலைக் குறைப்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கித் தபாலில் வரவழைக்கலாமே என்றால், பழைய பொருட்களை இறக்குமதி செய்வது நம் நாட்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சுங்கத்தில் மாட்டினால் வரியோடு அபராதமும் சேரும். பெரிய தொகையை ரொக்கமாகவும் கொடுக்க முடியாது. ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சத்துக்கு மேல் விற்கும் வாட்சுக்குக் கடைக்காரர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதை நம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் தொல்லை போலத் தெரியும். ஆனால் வங்கி வழியாகப் போன பணமும், பான் எண்ணோடு வந்த பில்லும் நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது உங்கள் வாட்சின் விலையைத் தாங்கிப் பிடிப்பவை.

ஐரோப்பாவின் எஃப்டா நாடுகளோடு இந்தியா செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து அதில் ஒரு நாடு. சுவிஸ் வாட்சுகளின் மீதான சுங்க வரி சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்து இல்லாமல் போகும். புது வாட்ச் மலிவானால், 'வெளியில் வாங்கியதால் சல்லிசு' என்று சொல்லிப் பழைய வாட்ச் விற்பவர்களின் லாபம் சுருங்கும். இன்றைக்குச் சாதாரண சுவிஸ் வாட்சைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலை பேசும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் வாங்குவது? மூன்று வழிகள். தனிநபரிடம் வாங்கினால் விலை குறையும், உத்தரவாதம் இருக்காது. ஆனால் முதல் உரிமையாளர் நேரில் உட்கார்ந்து, தன் பெயரில் இருக்கும் பில்லைக் கொடுத்து, ஒரு கடிதமும் எழுதிக் கொடுப்பாரென்றால் என் கணக்கில் அதைவிட நல்ல கொள்முதல் கிடையாது. பதிவு பெற்ற கடைகளில் விலை கூடும். ஈதோஸ் போன்ற நிறுவனங்கள் பழைய வாட்சுகளுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகின்றன. ரோலக்ஸே 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் தொடங்கி, தான் சோதித்த பழைய வாட்சுகளைத் தன் அங்கீகாரம் பெற்ற கடைகள் வழியாக இரண்டு வருட உத்தரவாதத்தோடு விற்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் சோதனைக்கும் பொறுப்புக்கும். முதல் வாட்ச் வாங்குகிறவருக்கு அது வீண் செலவில்லை. மூன்றாவது வழி இடைத்தரகர்: கடையும் இல்லை, பில்லும் இல்லை, செல்பேசியில் படம் மட்டும். இந்த வழியில் வாங்கிக் கெட்டுப்போனவர்களின் கதைகளை எழுதினால் இந்த இதழ் போதாது.

கடைசியாக, வாங்கப் போகாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவின் ஜனதாவோ தாத்தாவின் ஃபேவர் லூபாவோ வீட்டில் இருந்தால், அதைப் புதுசாக்கித் தரச் சொல்லாதீர்கள். மிஷினை மட்டும் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம், கேஸைத் தேய்க்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏதாவது பாகம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய பாகத்தை ஒரு பொட்டலத்தில் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் தேதியும் செய்த வேலையும் எழுதி வாங்குங்கள்.